முயல் கடிக்காத பொருள் வீட்டில் இல்லை: கைச்செலவு இல்லாமல் என்ன விளையாட்டுச் சாமான் செய்து போடலாம்?

மாடிவீடு_ஆனையூர்:

வணக்கம். மதுரை ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பொங்கலுக்கு வந்த என் தம்பி, மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு ஜோடி முயலை வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ஒன்று வெள்ளை, கண் சிவப்பு. இன்னொன்று சாம்பல். இரண்டுமே பெட்டை என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம்.

வந்த புதிதில் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. இப்போது வீடே அவற்றின் வாயில்தான் இருக்கிறது. சார்ஜர் ஒயர் போச்சு, கோரைப்பாயின் ஓரம் போச்சு. மகளின் சமூக அறிவியல் நோட்டில் இந்திய வரைபடத்தில் கன்னியாகுமரியிலிருந்து ஹைதராபாத் வரைக்கும் காணோம். நேற்று கதவு நிலையில் வாய் வைத்திருக்கின்றன, அதுவும் தேக்கு. ஹவுஸ் ஓனர் கீழேதான் இருக்கிறார். பார்த்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

கலர் அடித்த மரத்துண்டுகளைக் கோத்து ஒரு சாமான் விற்கிறார்கள், 350 ரூபாய். வாங்கிப் போட்டேன். சாம்பல் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பாய்க்கே போய்விட்டது.

சாப்பாடு கேரட், முட்டைக்கோஸ் இலை, பாக்கெட்டில் வரும் குருணைத் தீவனம். பகலில் மொட்டைமாடியில் தகரக் கொட்டகைக்குள் கூண்டு, சாயங்காலம் வீட்டுக்குள் திறந்துவிடுவோம். இந்தக் கடி பசியா, சேட்டையா? வீட்டில் கிடக்கிற பொருளை வைத்து என்ன செய்து போடலாம், எதைப் போடக்கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைபாஸ்ரோடு:

பல் ஊறும் அக்கா, அதுதான். ஒரு செங்கல் துண்டு போட்டுவிடுங்கள், கொறித்துக்கொண்டே கிடக்கும். காசே வேண்டாம்.

தையல்கடை_வில்லாபுரம்:

செங்கல் வேண்டாம் தம்பி. முன்பல் சில்லுத் தெறித்துவிட்டால் தின்ன முடியாமல் பட்டினி கிடக்கும்.

தங்கச்சி, எனக்குத் தையல் கடை. கடைக்குப் பின்கட்டில் பல வருடமாக முயல் வளர்க்கிறேன். கறிக்கு இல்லை, சும்மா பழக்கம். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் எனக்குத் தினமும் கண்ணெதிரே நடப்பதுதான்.

முதலில் சாப்பாடு. விளையாட்டுச் சாமான் என்று நீங்கள் தேடுவதில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடும். கடைவாய்ப் பல்லும் அப்படியே வளரும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. கட்டையைக் கொறித்தால் முன்பல் தேயும், சரி. கடைவாய்ப் பல் தேய வேண்டுமானால் புல்லை வாயில் வைத்துப் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேரட்டையும் குருணையையும் கொஞ்ச நேரத்தில் தின்று முடித்துவிட்டு, மீதி நாள் முழுக்க அது என்ன செய்யும்? உங்கள் பாயைத்தான் தின்னும். கோரை அதற்குப் புல் மாதிரிதானே, அதன் கணக்கில் அது தப்பே செய்யவில்லை.

ஆகவே ராத்திரி பகலாகக் கூண்டில் புல் கிடக்க வேண்டும். ஒரு முயலுக்கு ஒரு நாளைக்கு அதன் உடம்பளவு ஒரு குவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லுக்கு மாறுவதை ஒரே நாளில் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். குருணை ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். கேரட் சர்க்கரை, விரல் நுனி அளவு எப்போதாவது கொடுத்தால் போதும். கோஸைக் குறையுங்கள், வயிறு உப்பும். கோயில் வாசலில் விற்கும் அருகம்புல் கட்டு தினசரிக்குக் கட்டுபடியாகாது. உங்கள் பால்காரரிடம் கேளுங்கள், மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டாகப் போடுகிற ஆள் யாரென்று அவருக்குத் தெரியும். ரோட்டோரப் புல், களைக்கொல்லி அடித்த வரப்புப் புல் கூடாது. அலசி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். ஈரத்தோடு குவித்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடித்துவிடும். வைக்கோலைப் படுக்கைக்கு வைத்துக்கொள்ளலாம், அதில் சத்து இல்லை.

இப்போது சாமான்களுக்கு வருகிறேன். விளக்குத்தூண் பக்கம் எந்தத் துணிக்கடையிலும் சேலை வந்திறங்கிய அட்டைப்பெட்டி கிடக்கும், சிரித்துக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். செலோடேப், ஸ்டேபிள் பின், வழவழப்பான கலர்த்தாள் எல்லாவற்றையும் உரித்துவிட்டு, கவிழ்த்துப் போட்டு இரண்டு பக்கம் வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் வைத்தால் முயல் உள்ளே தங்காது. எதிரி வந்தால் மறுபக்கம் ஓட வழி இருக்கிறதா என்றுதான் அதன் புத்தி முதலில் பார்க்கும். இரண்டு பெட்டிகளை ஒட்டிப் போட்டால் மூன்றாவது வாசலை அதுவே கடித்துத் திறந்துகொள்ளும். அந்த வேலை தேக்கு நிலையில் நடப்பதற்குப் பெட்டியில் நடக்கட்டும்.

அடுத்தது நூல்கண்டு கூம்பு. எந்தத் தையல்காரரிடமும் காலிக் கூம்பு குப்பையாகக் கிடக்கும். அட்டைக் கூம்பு மட்டும் வாங்குங்கள், பிளாஸ்டிக் கூடாது. உள்ளே புல்லைத் திணித்து, நடுவில் ரெண்டு கொத்தமல்லித் தழையை ஒளித்துவிடுங்கள். முழுப் புல்லையும் உருவிப் போட்டால்தான் தழை கிடைக்கும். துணி சுற்றி வருகிற அட்டைக் குழாயையும் இப்படியே வைக்கலாம், ஆனால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுவிட்டு வையுங்கள். தலை மாட்டினால் குழாய் விரிந்து கொடுக்கும். கீறல் போடாத குழாய் என் கடையில் கூண்டுக்குள் போகாது.

நுங்கு சீசன் வரட்டும், செலவே இல்லை. நுங்குக்காரர் கழித்துப்போடுகிற பனையோலையைக் கேட்டு வாங்குங்கள். மட்டையோரக் கருக்கு அரம் மாதிரி இருக்கும், அதை மட்டும் அரிவாளால் சீவிவிட வேண்டும். ஓலையைக் கிழித்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால் இழுத்து இழுத்துக் கிழிக்கும். கருப்பட்டி வந்த ஓலைக் கொட்டானும் நல்லது, வெல்லப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவையுங்கள். கொய்யாக் குச்சியை இலையோடு போடலாம்.

கொட்டாங்குச்சியைப் பற்றி ஒன்று. நாரைச் சுத்தமாக எடுத்து, விளிம்பைத் தரையில் தேய்த்து மழுப்பிவிட்டுப் போட்டால், பல்லால் கவ்வித் தூக்கி எறிந்து விளையாடும். ஆனால் முயலுக்குச் சுறுசுறுப்பு அந்திநேரத்திலும் விடியற்காலையிலும்தான். நீங்கள் இருப்பது மாடி. விடியும் முன்னே மேலே கொட்டாங்குச்சி உருண்டால் ஓனர் என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாய் விரித்த இடத்தில் மட்டும் போடுங்கள்.

அப்புறம் தோண்டுகிற ஆசை. நம் கரிசல் காட்டில் ஓடுகிற காட்டு முயல் வளை தோண்டாது, புதரடியில் படுத்துக்கொள்ளும். வீட்டில் வளர்ப்பது வேறு, ஐரோப்பாவிலிருந்து வந்த இனம், வளை தோண்டிக் குடும்பமாக வாழ்ந்த சாதி. கால் சும்மா இருக்காது. ஒரு பழைய டப்பில் செய்தித்தாளைக் கிழித்து நிரப்பி, அடியில் நாலைந்து குருணையைப் போட்டுவிடுங்கள். கருப்பு மை அச்சுத் தாள் பரவாயில்லை. பளபளப்பான விளம்பரத்தாள், கடை பில் தாள் ஆகாது.

போடவே கூடாதது பாலிதீன், தெர்மோகோல், ரப்பர்ச் செருப்பு, நூல் பிரிகிற சாக்கு. முயலுக்கு வாந்தி எடுக்க வராது. குடலில் அடைத்தால் அடைத்ததுதான். செடியில் அரளி, எருக்கு, ஆமணக்கு வேண்டாம், தக்காளிச் செடியின் இலையும் வேண்டாம். மாடித் தோட்டம் இருந்தால் கவனம்.

இத்தனையும் செய்தாலும் ஒயரைக் கடிக்கும். அதற்கு விளையாட்டுச் சாமான் மருந்தில்லை. தோட்டத்து ஹோஸ் பைப்பை நீளமாகக் கீறி ஒயருக்கு உறை போடுங்கள். சமையலறைக்குள் விடவே விடாதீர்கள், கேஸ் ட்யூப் இருக்கிறது.

மாடிவீடு_ஆனையூர்:

ரொம்ப நன்றி அண்ணே. புல் போட ஆரம்பித்ததிலிருந்து பாய் பக்கமே போகவில்லை. தெருமுனை டெய்லரிடம் கூம்பு ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கூம்பு அடைப்பதுதான் வேலை.

ஒரு சந்தேகம். ரெண்டு நாளாக வெள்ளை முயல் கிழித்த தாளையும் வைக்கோலையும் வாய் நிறையக் கவ்விக்கொண்டு போய்ப் பெட்டியின் ஒரு மூலையில் அடைக்கிறது. நெஞ்சு முடியை அதுவே பிடுங்கி அங்கே போடுகிறது. சாம்பல் பக்கத்தில் வந்தால் உறுமுகிறது. இதுவும் விளையாட்டா, தோல் வியாதியா? வெயிலும் ஏறிவிட்டது, சித்திரைத் திருவிழா நேரத்தில் மாடியில் கால் வைக்க முடியாது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

தோட்டம்_வாடிப்பட்டி:

இது விளையாட்டில்லை அம்மா. கூடு கட்டுகிறது. நெஞ்சு முடியைப் பிடுங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் குட்டி போடும். முயலுக்குச் சினைக்காலம் சுமார் 31 நாள்தான். சாம்பல் கிடாவாகத்தான் இருக்க வேண்டும். சின்னக் குட்டியில் ஆண் பெண் பிரிப்பது கடைக்காரருக்கே தவறும். இன்னொரு சாத்தியமும் உண்டு. இரண்டும் பெட்டையாக இருந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலே பொய்ச்சினை வரும், அப்போதும் இதே மாதிரி கூடு கட்டும். எதுவானாலும் இன்றைக்கே சாம்பலை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். கிடாவாக இருந்தால், குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகிவிடும்.

தாய் உள்ளே சுலபமாகத் திரும்புகிற அளவில் ஒரு மரப்பெட்டி, அடியில் வைக்கோல். முடியை எடுத்து எறிந்துவிடாதீர்கள், குட்டிக்கு அதுதான் போர்வை. குட்டிகள் முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும், 10 நாள் வாக்கில் கண் திறக்கும். தாய் கூட்டுப்பக்கமே போகவில்லை என்று பதற வேண்டாம். நாளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டியின் வயிறு உருண்டையாக இருக்கிறதா என்று காலையில் பாருங்கள், போதும். மகளிடம் சொல்லிவையுங்கள், காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, குளிப்பாட்டவும் கூடாது.

வெயில்தான் எனக்குக் கவலை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. அங்கே ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்க்கிறார்கள். வெள்ளையும் சாம்பலும் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையதில் அந்த ரத்தம் இருக்கலாம். அந்தக் குளிரில் கொழிக்கிற இனத்தை மதுரைத் தகரத்தடியில் வைத்தால் தாங்காது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும், இங்கே சித்திரையில் 40 பக்கம் போகிறது. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது, உடம்புச் சூடு காது வழியாகத்தான் வெளியேறும். அதனால் ஃபேன் மட்டும் போட்டால் பெரிய பயன் இல்லை. பகலில் கூண்டை வீட்டுக்குள் தரைக்கு இறக்குங்கள். மானாமதுரை மண்பானையில் வாயகன்றதாக ஒன்று வாங்கிச் சாய்த்து வைத்து, வெளிப்புறம் ஈரச்சாக்கு சுற்றுங்கள். சாக்கு நூல் வாய்க்கு எட்டாத பக்கம் இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் போட்டால் அதன்மேல் சாய்ந்து படுக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ எச்சில் ஒழுகினாலோ அது ஆபத்து. காதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

மாடிவீடு_ஆனையூர்:

கால்நடை மருத்துவமனையில் காட்டிவிட்டு வந்தோம். சாம்பல் கிடாதான். வெள்ளை வயிற்றில் குட்டி இருக்கிறது என்று டாக்டர் தடவிப் பார்த்துச் சொன்னார். சாம்பலைக் கூடத்தில் தனியாக வைத்திருக்கிறோம், கூண்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கிறது. தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னால் சிரிக்கிறான்.

தையல்கடை_வில்லாபுரம்:

கம்பியை ஆட்டினால் பழைய பெட்டி ஒன்றை அதனுடன் போடுங்கள், ரெண்டு நாளில் அடங்கும். தனியாக இருக்கிற முயலுக்குத்தான் கூம்பும் ஓலையும் கூடுதலாக வேண்டும். கூண்டின் அடி கம்பிவலையாக இருந்தால் ஒரு பலகையோ பாயோ போட்டுவிடுங்கள், பாதம் புண்ணாகும்.

மருந்து விஷயத்தில் ரெண்டு எச்சரிக்கை. நாய்க்கு உண்ணி போக அடிக்கிற ஃபிப்ரோனில் கலந்த ஸ்ப்ரேயை முயலுக்கு அடித்துவிடாதீர்கள், உயிர் போய்விடும். பிள்ளைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் வீட்டில் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள், குடலில் உள்ள நல்ல கிருமி செத்து முயலும் செத்துவிடும்.

காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, காய்ந்து, நிறையக் கிடந்தால் எல்லாம் சரி. திராட்சைக் கொத்துபோல் மெத்தென்று வருவதை அது குனிந்து தின்னும், தடுக்காதீர்கள், அது அதற்குத் தேவை. அரை நாள் புழுக்கையே இல்லாமல், புல்லையும் தொடாமல் கிடந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். அந்த 350 ரூபாய்க் கட்டையில் கலர் அடித்திருக்கிறது என்றீர்களே, அதை இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.