சோசலிச யதார்த்தவாத நாவல்ல கோதிக் இருக்கா இல்லையா

பழையபக்கம்:
சோசலிசத்தைக் கட்டறவங்களை நம்பிக்கையோட காட்டற சோவியத் எழுத்துதானே சோசலிச யதார்த்தவாதம், அதுல ஒண்ணான ஆஸ்த்ரோவ்ஸ்கியோட 'வீரம் விளைந்தது' நாவலைத் திரும்பப் படிச்சேன். வாழ்க்கை ஒரு தடவைதான் கெடைக்குதுன்னு எல்லாரும் மேடையில சொல்ற இடம் இருக்கே, அதை நாயகன் பாவெல் எங்க நின்னு யோசிக்கிறான்னு பாருங்க, தூக்குல போட்ட தோழர்களைப் புதைச்ச இடத்துல. டைபஸ் காய்ச்சல் வந்து செத்துட்டான்னே எல்லாரும் நம்பினப்புறம் உயிரோட திரும்பி வர்றான் வேற. கல்லறை, பேய், பாழடைஞ்ச வீடுன்னு வர்ற திகில் கதை மரபு இருக்கே, இது அந்த கோதிக்தாங்க.

செம்மண்:
தோழர், கல்லறை வந்தாலே கோதிக்கா? கோதிக்ல செத்துப்போன பழசு ஆளை விடாது, பாழடைஞ்ச பங்களாவுக்குள்ளயே புடிச்சு வச்சுக்கும். பாவெல் அங்கேர்ந்து கெளம்பி வேலைக்குப் போறான். நேர் எதிர்.

பழையபக்கம்:
சரி, கிளாத்கோவோட 'சிமெண்ட்', 1925. ரஷ்ய உள்நாட்டுப் போர் முடிஞ்சு தொழிலாளி கிளெப் ஊருக்குத் திரும்பி வர்றான், ஃபேக்டரி பொணமா கெடக்கு, ஆளுங்க ஆடு வளர்த்துக்கிட்டு சிகரெட் லைட்டர் செஞ்சு வித்துக்கிட்டு இருக்காங்க, எஞ்சின் ரூம்ல மட்டும் மெக்கானிக் பிரின்ஸா டீசல் எஞ்சினையெல்லாம் பளபளன்னு தொடச்சு வச்சுக்கிட்டு காவல் காக்கறார். கிளெப்பை, புரட்சிக்கு எதிரா சண்டை போட்ட வெள்ளைப்படைகிட்ட காட்டிக்கொடுத்த இன்ஜினியர் கிளைஸ்ட்டுக்கு அவன் திரும்பி வந்து நிக்கறது பேய் வந்த மாதிரிதான். பாழடைஞ்ச பங்களான்னீங்களே, இதுக்கு மேல என்ன வேணும்?

செம்மண்:
அந்தப் பேய் என்ன பண்ணுதுன்னும் சொல்லுங்க. பழி வாங்கல, அதே கிளைஸ்ட்டை ஃபேக்டரியைத் திரும்ப ஓட்டற வேலையில சேர்த்துக்குது. பயத்தை உழைப்பா மாத்தறாங்க, அதான் இந்த எழுத்தோட பெருமையே. தவிர சோசலிச யதார்த்தவாதம்னு கொள்கையா அறிவிச்சது 1934 சோவியத் எழுத்தாளர் மாநாட்டுல, சிமெண்ட் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு.

நள்ளிரவு_வாசகி:
முன்னாடி வந்தாலும் பின்னாடி முன்மாதிரின்னு தூக்கிப் புடிச்சது இதே நாவலைத்தானே அண்ணா. கோதிக் நமக்கு அந்நியமும் இல்ல, மூலதனம்ங்கறது செத்த உழைப்பு, ரத்தக்காட்டேரி மாதிரி உயிருள்ள உழைப்பை உறிஞ்சுதுன்னு மார்க்ஸே 1867ல எழுதிட்டார். சிமெண்ட்ல எனக்கு நெஞ்சுல நிக்கறது கிளெப்போட பொண்ணு நியூர்காதான். அம்மா தாஷா கட்சி வேலைன்னு ஓட, குழந்தைகள் இல்லத்துல வாடி வாடி அந்தப் பொண்ணு செத்துப்போகுது. கடைசியில ஃபேக்டரி ஓடுது, கூட்டம் கூடுது, எல்லாம் சரி, ஆனா நியூர்காவோட சாவை எந்த வேலையா மாத்தினாங்க?

செம்மண்:
தங்கச்சி, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. கிளைஸ்ட் விஷயத்துல மட்டும் நான் சொன்னதுலதான் நிக்கறேன். நியூர்கா வர்ற பக்கங்களை இன்னிக்கு ராத்திரி திரும்பப் படிக்கணும்.