கற்பனை நாட்டு வழக்கு: "பலகை காய்ந்துபோச்சு" எப்படிப் பிறந்திருக்கும்?

தீவெழுதி:
நான் எழுதும் நாவல் வெண்டீவு என்ற கற்பனை நாட்டில் நடக்கிறது. கரையோரம் முழுக்க உப்பளம், உள்ளே மலை. காரியத்தைத் தள்ளிப்போட்டுக் கோட்டை விட்டவனை அங்கே "அவன் பலகை காய்ந்துபோச்சு" என்பார்கள். உப்பு வாரும் பலகைதான். இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். தான் வந்து பார்க்கும்வரை யாரும் உப்பு வாரக்கூடாது என்று அரசன் உத்தரவு போடுகிறான். அவன் வருவதற்குள் மழை கொட்டி, விளைந்ததெல்லாம் கரைந்துவிடுகிறது. வந்து பார்த்தால் கரையில் காய்ந்த பலகைகள்தான் கிடக்கின்றன. நம்பும்படி இருக்கிறதா?

ஏட்டுச்சுவடி:
அரசன் கதை தாராளமாக வரலாம். கி.மு. 207இல் சீனத்தில் சியாங் யூ என்ற தளபதி ஆற்றைக் கடந்ததும் சமையல் பானைகளை உடைத்துப் படகுகளை மூழ்கடித்தான். "பானையை உடைத்துப் படகை மூழ்கடி" என்பது இன்றும் அங்கே வழக்கு. 1077இல் ஜெர்மன் அரசன் நான்காம் ஹென்றி போப்பாண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கனோசா கோட்டை வாசலில் பனியில் நின்றதால், ஜெர்மன்காரர்கள் பணிந்துபோவதை "கனோசாவுக்குப் போவது" என்கிறார்கள்.

பழங்கணக்கு:
உப்பளத்தில் நெடுங்காலம் கணக்கெழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில், மழை பெய்திருந்தால் கரையில் கிடந்த பலகையும் நனைந்திருக்குமே! அந்த ஒரு இடத்திலேயே கதை உடைகிறது.

சியாங் யூவையும் ஹென்றியையும் எழுதிவைக்க ஆள் இருந்தார்கள். உப்பு வாருகிறவன் பேச்சை யார் எழுதினார்கள்? அது தினப்படி வேலையிலிருந்துதான் வந்திருக்கும். பாத்தி நீர் 25 டிகிரி போமே (நீரின் அடர்த்தியைக் கருவியால் பார்க்கும் அளவு) வந்தால் உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கிவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். உங்கள் தீவில் கருவி இருக்காது. நீர் சிவப்பேறுவதையும் மேலே ஆடை மாதிரி பளபளப்பு கட்டுவதையும் பார்த்தே வாருவார்கள். அந்த நாட்களில் பலகை காயவே காயாது. விளிம்பில் உப்பு பூத்து, பிடி வழவழத்து, தூக்கினால் ஈரம் முழங்கைவரை வழியும்.

அதனால் இப்படி யோசியுங்கள். வேலை முடிகிற நேரத்தில் மேஸ்திரி கரையில் சாத்தியிருக்கும் பலகைகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருகிறார். ஈரமில்லாத பலகைக்காரனுக்கு அன்றைய கூலி கிடையாது. "உன் பலகை காய்ந்துபோச்சு" என்றால் முதலில் அவ்வளவுதான் பொருள். அப்படி ஒருவன் சும்மா இருந்த இரவில் மழை வந்து பாத்தியே கரைந்த பிறகுதான் "காலம் தவறவிட்டான்" என்ற பொருள் ஒட்டியிருக்கும்.

அரசன் கதையைத் தூக்கி எறியாதீர்கள். வேலையை மறந்த தலைமுறைதான் இப்படிக் கதை கட்டும். பள்ளிக்கூட வாத்தியார் அதைச் சொல்லட்டும், பிள்ளைகள் நம்பட்டும். மழையில் பலகை எப்படிக் காய்ந்தது என்று ஒரு பெண் குழந்தை கேட்டால் இன்னும் நல்லது. ஆனால் உப்பளக்காரர்கள் ஒருவருக்கொருவர் இதை விளக்கவே கூடாது. நீங்களே மேலே "கோட்டை விட்டவனை" என்று எழுதினீர்கள், எந்தக் கோட்டை என்று நின்று யோசித்தீர்களா?

தீவெழுதி:
ஐயா, மேஸ்திரி கையைப் பலகையில் வைக்கும் காட்சி மூன்றாம் அத்தியாயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. வாத்தியாரையும் அந்தக் குழந்தையையும் சேர்க்கிறேன். மலைக்காரர்கள் பாத்தியையே பார்த்ததில்லை. அவர்கள் வாயில் இந்த வழக்கு வருமா?

பழங்கணக்கு:
வரும். உப்பு ஏற்றிப்போகும் மாட்டுக்காரன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். ஆனால் அங்கே பொருள் கொஞ்சம் விலகட்டும். பருவம் பார்த்து விதைக்காதவனையோ, கேட்க வேண்டிய நேரத்தில் பெண் கேட்காதவனையோ அப்படிச் சொல்லட்டும். கரைக்காரன் அதைக் கேட்டு, "அதுக்கெல்லாம் இதைச் சொல்றதில்லை" என்று சண்டைக்கு வருவான். அந்தச் சண்டையை ஒரு பக்கமாவது எழுதுங்கள்.