மூணாறு பக்கம் ராஜமலையில் வரையாட்டை (மலைப்பாறைகளில் வாழும் காட்டாடு) நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:
அஞ்சாம் மைலில் டிக்கெட், வனத்துறை பஸ், இறங்கி ஏற்றத்தில் நடை, எல்லாம் உங்களுக்கே தெரியும். வளைவு திரும்பினால் பாதையோரக் கல்லில் ஒரு கிடா. முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த திட்டு. எங்களுக்கும் அதற்கும் மூன்று முழத் தூரம் இருந்தால் அதிகம். அப்பா நீடாமங்கலம் பக்கம் நாற்பது வருஷம் ஆடு வளர்த்தவர். கொட்டிலில் தழை வைக்கும்போது நாக்கைச் சொடுக்கிக் கூப்பிடுவாரே, அந்தச் சத்தம் கொடுத்தார். கிடா மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அவர் கை தானாக மஞ்சப்பைக்குள் போய் ஒரு முறுக்கோடு வந்தது. "ஐயா, உள்ள வைங்க!" என்று வாட்சர் ஓர் அதட்டல். பள்ளிக்கூடப் பையன் மாதிரி வைத்துவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றுதான் கேட்டார்: "பெட்டை சினையா இருந்தா அதுக்கு யார்றா தழை ஒடிச்சுப் போடுவா?" புல்தான் கிடக்கே என்றேன். அவர் கேட்டது அதை இல்லை.

குடந்தைவாசி:
வாட்சர் செய்ததுதான் சரி. முறுக்கு ருசி கண்டுவிட்டால் அப்புறம் வருகிறவன் பையைத்தான் பார்க்கும். கோடியக்கரைக் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வரையாடு தமிழ்நாட்டின் அரசு விலங்கு, ஆனால் கூட்டமாகப் பார்க்க ராஜமலை இருக்கும் கேரளத்து இரவிகுளம் பூங்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது!
நான் போன அன்று ஒரு மணி நேரம் வெறும் மூடுபனி. எங்கோ கல் உருண்டது. பனி விலகினால் எதிர்ப் பாறையில் ஒரு குட்டி, உள்ளங்கை அகல இடத்தில் நாலு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கிறது. வரப்பிலேயே வழுக்கி விழுகிற ஆள் நான். அது குதிப்பதைப் பார்க்கத் தைரியம் வராமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் காணோம்.

மன்னைக்காரன்:
2018இல், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிக்காகப் போனேன். ஆகஸ்ட் வெள்ளம் முடிந்த சமயம், நான் பார்த்த சரிவில் பாதிப் பூ அழுகிக் கிடந்தது. ஆடும் தூரத்தில்தான். என் கதை அவ்வளவுதான்.
போகிறவர்கள் கவனிக்க: பிப்ரவரி, மார்ச் குட்டி போடும் காலம், வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள். சம்பா அறுத்த கையோடு கிளம்பும் நம் ஆட்கள் சரியாக அப்போதுதான் போய் நிற்பார்கள். டிக்கெட் வாங்கினால் ஆனைமுடி உச்சிவரை விடுவார்கள் என்று எண்ணாதீர்கள். 2695 மீட்டரைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம், நமக்குப் பாதையில் ஒரு துண்டுதான். மார்கழிக் குளிர் தாங்கியவன் என்று வீரம் பேசாமல் ஸ்வெட்டர் எடுங்கள். குறிஞ்சி அடுத்து 2030இல்தான், இப்போதே கேட்டு ஆளாளுக்கு போன் போடாதீர்கள். இன்னொன்று, அந்த மலையின் கிழக்குச் சரிவு ஓடைகள் பாம்பாற்றில் விழுந்து, அமராவதியாகி, கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கின்றன. அதனால் அங்கே குப்பை போடுகிறவன் நம் வாய்க்காலில் போடுகிறான்.

வெண்ணாற்றங்கரை:
குடந்தைவாசி, வாட்சரை நான் எங்கே குறை சொன்னேன்? முறுக்கை ஆடு தின்னவும் இல்லை.
இதையெல்லாம் நேற்று அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாம்பாற்றுச் சேதியை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். "அப்ப அது குடிச்ச மிச்சந்தான் நமக்கு வருதுங்கிற" என்றார்.