கேபிள் ஸ்வெட்டர், நான்காவது வாரம்: ஒரு முறுக்கு தப்பாகிவிட்டது, பிரிக்கவா வேண்டாமா?

கட்டபெட்டு கம்பளி

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சத்தம் போடாமல் போய்விடுவேன். இன்று கேட்டே ஆக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு நிட்-அலாங் குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஒரே டிசைனை எல்லோரும் அவரவர் வீட்டில் ஒரே சமயத்தில் பின்னுவது, அவ்வளவுதான். நாற்பது பேர். பாதிக்கு மேல் பெங்களூரும் சென்னையும் (சென்னையில் கம்பளி ஸ்வெட்டரை எங்கே போடுவார்கள் என்று நான் கேட்கவில்லை). ஞாயிறுதோறும் அந்த வாரத்துப் பகுதி வரும், சனிக்கிழமைக்குள் பின்னிப் படம் போட வேண்டும். மொத்தம் எட்டு வாரம். ஆண்கள் போடும் கேபிள் ஸ்வெட்டர் (சடை மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே ஏறும் பின்னல்தான் கேபிள்), அயர்லாந்தின் அரன் தீவு மாதிரி, சந்தன நிறம். டிசைன் அமெரிக்காவிலிருந்து வந்தது.

என் வீட்டுக்காரருக்குத்தான் பின்னுகிறேன். கேரட் லோடு ஓட்டுகிறார். ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்பினால் விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்க வேண்டும். பழைய ஸ்வெட்டரின் வலது முழங்கையில் நான் மூன்று முறை ஒட்டுப் போட்டாயிற்று. கியர் போடுகிற கையாவது இடது கை, இது ஏன் தேய்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சுத்தக் கம்பளி நூல், 100 கிராம் கண்டு எட்டு, கூரியரில் வரவழைத்தேன். விலையை இங்கே எழுத மாட்டேன், அவரும் சில சமயம் என் ஃபோனைப் பார்ப்பார்.

முதுகுப் பகுதி 108 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), ஏழு கேபிள். எட்டு வரிசைக்கு ஒரு முறை முறுக்கு. கேபிள் ஊசி என்று தனியாக வாங்கவில்லை, கொண்டை ஊசியே போதுமாக இருக்கிறது. மூன்று கண்ணியை அதில் ஏற்றி முன்னால் தொங்கவிட்டு, அடுத்த மூன்றைப் பின்னி, அப்புறம் தொங்குகிற மூன்றைப் பின்னுகிறேன். வளைவில் உட்கார்ந்துகொள்வதால் கண்ணி நழுவுவதே இல்லை. கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, என் ஸ்வெட்டர் முதுகில் இதுவரை 70.

நேற்று படம் எடுப்பதற்காகக் கட்டிலில் விரித்தபோதுதான் பார்த்தேன். இடமிருந்து மூன்றாவது கேபிளில், 33-ஆவது வரிசையில், ஒரே ஒரு முறுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கொண்டை ஊசியை முன்னால் விடாமல் பின்னால் விட்டிருக்கிறேன். இப்போது நான் இருப்பது 84-ஆவது வரிசை. பார்த்த பிறகு கண் வேறு எங்கும் போகமாட்டேன் என்கிறது.

இன்னொரு சின்னச் சந்தேகம். அகலம் 54 செ.மீ. வர வேண்டும் என்று டிசைனில் இருக்கிறது. எனக்கு 45-தான் வருகிறது. நனைத்து விரித்துக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று குழுவில் சொன்னார்கள். முதலிலேயே மாதிரித் துண்டு சாதாப் பின்னலில் பின்னிப் பார்த்தேன், டிசைனில் சொன்னபடி 10 செ.மீ.க்கு 20 கண்ணி கச்சிதமாக வந்தது. நனைத்துத்தான் பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் இங்கே கைக்குட்டை காயவே மூன்று நாள் ஆகிறது.

குழுவில் எல்லோரும் கைக்குழி குறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். 33 வரைக்கும் பிரித்தால் இரண்டு வாரம் பின்தங்கிவிடுவேன். பிரிக்கவா, அப்படியே விடவா?

லவ்டேல் அக்கா

பிரிக்கவே வேண்டாம் ம்மா. அந்த ஆறு கண்ணியை மட்டும் இறக்கினால் போதும்.

சாக்ஸ் பின்னும் இரு முனை ஊசி குட்டையாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 85-ஆவது வரிசையைத் தொடங்கி அந்தக் கேபிள் வரை பின்னிக்கொண்டு வாருங்கள். ஆறு கண்ணிக்கும் இரண்டு பக்கமும் ஒரு சேப்டி பின் குத்துங்கள். இப்போது ஆறையும் ஊசியிலிருந்து விட்டுவிட்டு 33-ஆவது வரிசை அவிழும் வரை மெதுவாக இறக்குங்கள். ஏணிப்படி மாதிரி 52 நூல் குறுக்கே நிற்கும். பார்த்தால் வயிற்றைக் கலக்கும், பயப்படாதீர்கள். கம்பளி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், பக்கத்துக் கண்ணிக்குப் போகாது.

அடிப்படியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எப்போதும் முன்பக்கத்திலிருந்தே, ஆறு கண்ணியையும் நிட் பின்னலாகப் பின்னிக்கொண்டு மேலே வர வேண்டும். படிகள் இடம் மாறக்கூடாது, அது ஒன்றுதான் முக்கியம். 33-இல் முறுக்கைச் சரியாகப் போட்டுவிட்டு 41, 49, 57, 65, 73, 81 என்று மற்ற முறுக்குகளையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். முன்னால் விட்டால் இடப்பக்கம் சாயும், பின்னால் விட்டால் வலப்பக்கம். நான் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நூல் கூடையில் ஒட்டியிருக்கிறேன், நாற்பது வருஷமாகப் பின்னியும்.

ஓரக் கண்ணிகள் கொஞ்சம் தொளதொள என்று தெரியும். ஊசி முனையால் இழுத்துச் சமன் செய்துவிட்டால் ஒரு சலவையில் அடங்கிவிடும். பகல் வெளிச்சத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு செய்யுங்கள்.

பின்தங்குவதைப் பற்றி: போன வருஷம் நானும் ஒரு குழுவில் இருந்தேன். தொடங்கியது முப்பது பேர், முடித்தது ஆறு. மற்றவர்கள் எல்லாம் படம் போடுவதை நிறுத்திவிட்டு மற்றவர் படத்துக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

பூம்பாறைப் பூண்டு

விட்டுவிடுங்கள். லோடு வண்டியில் முதுகு சீட்டோடு ஒட்டியிருக்கப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்?

கட்டபெட்டு கம்பளி

அவரும் அதையேதான் சொன்னார். ஆனால் அவருக்கு இப்போது ஸ்வெட்டர் மேலேயே கோபம். குழுவில் ஒரு செய்தி வந்தது: அரன் தீவில் குடும்பத்துக்கு ஒரு கேபிள் டிசைனாம், கடலில் மூழ்கின மீனவரை ஸ்வெட்டர் டிசைனை வைத்துத்தான் அடையாளம் காண்பார்களாம். நான் அதைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். "மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு சட்டையா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பூம்பாறைப் பூண்டு

அவரிடம் சொல்லுங்கள், அது கட்டுக்கதை. அந்த மாதிரி ஸ்வெட்டர் தோன்றியே ஒரு நூற்றாண்டுதான் இருக்கும். குடும்பத்துக்கு ஒரு டிசைன் என்பது பிற்பாடு விற்பனைக்காக ஊதிவிட்டது. 1904-இல் மேடையேறிய ஓர் ஐரிஷ் நாடகத்தில் மூழ்கிப்போன ஒருவனைத் தங்கை அடையாளம் காண்கிறாள். அதுவும் ஸ்வெட்டரை வைத்து இல்லை, காலுறையை வைத்து. பின்னும்போது தான் நழுவவிட்ட நாலு கண்ணியை எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறாள்.

இதையும் சத்தமாகப் படித்துவிடாதீர்கள்.

மில் ஃபிட்டர், கொடைக்கானல்

வீட்டம்மா ஃபோனிலிருந்து எழுதுகிறேன். பின்னுவது அவர், எனக்குப் பின்னத் தெரியாது. கோவையில் ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன், அளவு என்றால் கை சும்மா இருக்காது.

அம்மணி, முறுக்கை விடுங்கள். 54 வர வேண்டிய இடத்தில் 45 வருவதை நீங்கள் சின்னச் சந்தேகம் என்கிறீர்கள். முதுகில் 9 செ.மீ. குறைகிறது, முன்பக்கத்தில் இன்னொரு 9. சுற்றளவு 108 வர வேண்டியது 90-தான் வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு மார்பு எத்தனை? நனைத்தால் இரண்டு மூன்று செ.மீ. கொடுக்கும், ஒன்பது கொடுக்காது.

ஊசி எத்தனாம் நம்பர்?

கட்டபெட்டு கம்பளி

மார்பு 38 அங்குலம் அண்ணா. ஊசி 8-ஆம் நம்பர். டிசைனிலும் 8 என்றுதான் இருக்கிறது. என் அம்மாவின் அலுமினிய ஊசி, தலையில் 8 என்று பொறித்தே இருக்கிறது. காலையில் தொட்டால் விரல் விறைக்கும், ஆனால் கண்ணி அருமையாக நகரும்.

மில் ஃபிட்டர், கொடைக்கானல்

நினைத்தேன்.

நம் ஊர்ப் பழைய ஊசிகளின் நம்பர் ஆங்கிலேயர் காலத்துக் கம்பி கேஜ், அதாவது கம்பித் தடிமன் அளவு, வழி வந்தது. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். மில்லில் நூல் நம்பரும் அப்படித்தான், 40-ஆம் நம்பரைவிட 80-ஆம் நம்பர் மெலிசு. கம்பி கேஜில் 8 என்றால் 4.06 மி.மீ., உங்கள் அம்மா ஊசியும் 4 மி.மீ. அமெரிக்கக்காரன் நம்பர் நேர் எதிர், ஏற ஏற ஊசி தடிக்கும். அவன் 8 என்றால் 5 மி.மீ.

உங்களுக்கு வேண்டியது நம் ஊர் 6-ஆம் நம்பர். வேடிக்கை என்னவென்றால், 3.75 மி.மீ.யிலிருந்து 6 மி.மீ. வரைக்கும் இரண்டு நம்பரையும் கூட்டினால் 14 வரும். 8-க்கு 6, 9-க்கு 5. ஏழில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள், இரண்டு பக்கமும் 4.5 மி.மீ. நம்பரை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

என் பேச்சையும் நம்ப வேண்டாம். தையல் நூலை ஊசி மேல் இடைவெளி இல்லாமல் பத்துச் சுற்றுச் சுற்றி, பிரித்து, ஸ்கேலில் அளங்கள். 12½ செ.மீ. கிட்ட வந்தால் 4 மி.மீ. ஊசி. 15¾ கிட்ட வந்தால் 5. நூல் தடிமனுக்குக் கொஞ்சம் கூடத்தான் காட்டும்.

கட்டபெட்டு கம்பளி

12.9 செ.மீ. மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஊசி தப்பு என்றால் மாதிரித் துண்டில் எப்படிச் சரியாக 20 கண்ணி வந்தது?

லவ்டேல் அக்கா

அண்ணா சொன்னதைப் படித்ததும் எனக்கும் அதே கேள்விதான் வந்தது. நீங்கள் துண்டைச் சாதாப் பின்னலில் பின்னினீர்கள் இல்லையா? டிசைனை எடுத்து மறுபடி படியுங்கள். 20 கண்ணி என்பது "கேபிள் பின்னலில்" என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

முறுக்கு துணியை உள்ளே இழுத்துவிடும். சடை பின்னினால் முடி நீளம் குறைகிறதே, அதுபோல இங்கே அகலம் குறைகிறது. உங்கள் கணக்குப்படியே பாருங்கள்: சாதாவில் 20, அதே ஊசியில் கேபிள் போட்டதும் 45 செ.மீ.யில் 108, அதாவது 10 செ.மீ.க்கு 24. 5 மி.மீ. ஊசியில் சாதா பின்னியிருந்தால் 17 வாக்கில் வந்து அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும். மெல்லிய ஊசியும் சாதாத் துண்டும் சேர்ந்து ஒன்றையொன்று மறைத்துவிட்டன. நானும் இதே குழியில் விழுந்தவள்தான். அந்த ஸ்வெட்டர் இப்போது எங்கள் வீட்டு ஹீட்டர் பைப்புக்குச் சட்டை.

பூம்பாறைப் பூண்டு

இரண்டு பக்கமும் அக்குளுக்குக் கீழே 9 செ.மீ. ரிப் பட்டை வைத்துத் தைத்தால்? பிரிக்கவே வேண்டாமே.

லவ்டேல் அக்கா

வைக்கலாம். ஆனால் 4 மி.மீ. ஊசியில் இந்த நூலில் கேபிள் போட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். ஸ்டியரிங் பிடிக்கிற ஆளுக்குக் கை தூக்கவே வராது. இவ்வளவு விலை கொடுத்த நூல், பிரித்துவிடுங்கள் ம்மா.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். அப்படியே பின்னினால் கண்ணி ஒழுங்காக விழாது. நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். கசக்கவே கூடாது, கம்பளி திரண்டுவிடும். துண்டில் வைத்து ஒற்றி எடுத்துத் தொங்கவிடுங்கள்.

கட்டபெட்டு கம்பளி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன்.

அக்கா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். "கேபிள் பின்னலில், நனைத்துக் காயவைத்த பிறகு" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மில்லிமீட்டரும் அடுத்த வரியிலேயே இருக்கிறது. 8-ஐப் பார்த்ததும் அம்மா ஊசி இருக்கிறதே என்று சந்தோஷமாக மூடிவைத்துவிட்டேன் போல.

மகளுக்கு ஆகுமே என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒல்லிதான், 90 செ.மீ. தாராளம். ஆனால் அவளுக்குக் கொடுத்தால் இவருக்கு வேறு நூல் வாங்க வேண்டும், அதே லாட் நம்பர் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்) கிடைக்காதாம். அப்புறம் அட்டை என்றீர்களே, அது தொட்டுப் பார்த்ததும் உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டுப் பிரித்தேன். நாற்காலி வேண்டாம், நான் இருக்கிறேன் என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். நான் பிரிக்கப் பிரிக்க நூல் அவர் கையில் ஏறிக்கொண்டிருந்தது. 33-ஆவது வரிசை எப்போது போனது என்றே தெரியவில்லை. பாதியில் நிமிர்ந்து பார்த்தால் கை நீட்டியபடியே தூங்கிவிட்டிருக்கிறார், ஒரு மணிக்கு லோடு. எழுப்ப மனசு வராமல் மிச்சத்தைச் சத்தமில்லாமல் சுற்றி முடித்தேன்.

நூல் வெந்நீர் பாய்லருக்குப் பின்னால் கொடியில் தொங்கியது. காய இரண்டரை நாள். மண்டியிலிருந்து வரும்போது மேட்டுப்பாளையத்திலேயே 5 மி.மீ. ஊசி வாங்கி வந்தார், அட்டையில் 6 என்றும் போட்டிருக்கிறது. ஃபிட்டர் அண்ணாவுக்கு நன்றி சொல்லச் சொன்னார். இந்த முறை 40 கண்ணியில் கேபிளோடு துண்டு பின்னி நனைத்திருக்கிறேன், அதுவும் இப்போது பாய்லர் பக்கம்தான். ஈரத்திலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 20½ செ.மீ. காயட்டும், பிறகு சொல்கிறேன்.

குழுவில் கை பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். நான் பாய்லரைப் படம் எடுத்துப் போட்டேன். ஏழு பேர் தனியாக மெசேஜ் அனுப்பி, தங்களுக்கும் அகலம் குறைகிறது, இதுவரை சொல்லவில்லை என்றார்கள். அதில் நாலு பேருக்குப் பாட்டி ஊசி. அண்ணா, உங்கள் பத்துச் சுற்று நூல் கணக்கை அங்கே போடலாமா?