புதுப்பிப்பு: பயிலுநர் இடம் மட்டக்களப்பிலேயே கிடைத்தது
சட்டக் கல்லூரி மாணவருக்குரிய ஆறு மாதப் பயிற்சிக்காகக் கொழும்பிலுள்ள சட்டத்தரணிகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். மின்னஞ்சலை விட்டு நேரில் போய்க் கேட்கும்படி பலர் சொன்னதால், மட்டக்களப்பு நீதிமன்றம் கலைந்த பின் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியைச் சந்தித்தேன். அவர் என் பெறுபேறுகளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் (உறையிலிட்டுப் பத்திரமாகக் கொண்டுபோனதெல்லாம் வீண்), மேசையிலிருந்த பழைய காணி உறுதியொன்றை (காணியின் உரிமைப் பத்திரம்) நீட்டி, எல்லைகளை வாசிக்கச் சொன்னார். வடக்கெல்லையிலேயே தடுமாறினேன். ஆயினும், காணி விற்பனை உறுதி நொத்தாரிசு (உறுதிகளை அத்தாட்சிப்படுத்த அதிகாரம் பெற்றவர்) முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும் என்ற 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதியைச் சரியாகச் சொன்னதால், "திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாங்க தம்பி" என்றார். கொடுப்பனவு பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.