பாண்டியில் வாங்கிய தள்ளுபடி மிக்சியும் கடலூரில் இருந்தபடியே பணத்தைத் திரும்ப வாங்கியதும்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

ஆடித் தள்ளுபடிக்குப் பாண்டி போய்ப் பொருள் எடுக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன ஆடியில் நானும் அண்ணியும் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய கடையில் மிக்சி வாங்கினோம். 4,200 ரூபாய் மிக்சி, தள்ளுபடி போக 2,900. கடையில் ஓட்டிக் காட்டினார்கள், சத்தமில்லாமல் ஓடியது. வெறும் ஜாரை ஓட்டினால் எந்த மிக்சியும் ஓடும். வீட்டில் தேங்காய்ச் சட்னிக்குப் போட்டதும் கருகல் வாடை வந்து நின்றுவிட்டது. அடியில் இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். ஜாரைத் தூக்கிப் பார்த்தேன். மோட்டார் மேல் இருக்கிற கப்ளரில் பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சுற்றிலும் கறுப்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. பெட்டி பிரித்து ஒரு வாரம்கூட ஆகாத மிக்சி.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கவுன்ட்டரில் இருந்த பையன் பில்லில் குத்தியிருந்த ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினான்: 'தள்ளுபடியில் விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது'. "ஆஃபர் ஐட்டம்க்கா. நீங்க கம்பெனி சர்வீஸ் சென்டர்லதான் பாக்கணும்" என்றான். அண்ணிக்குக் கோபம் வந்து, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம் என்றார். உள்ளே இருந்து மேனேஜர் வந்தார். "தாராளமா போங்கம்மா. ஆனா இது பாண்டி. கேஸ் இங்கதான் போடணும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடலூர்லேருந்து பஸ் ஏறி வருவீங்களா?"

இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் பழுதான பொருளைப் பரணில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம். 1986 சட்டம் இருந்தவரை அவர் சொன்னதில் விஷயமும் இருந்தது. கடை எந்த ஊரில் இருக்கிறதோ, அல்லது பிரச்சினை எங்கே நடந்ததோ அங்கேதான் புகார் கொடுக்க முடியும். 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றிவிட்டது. புகார் கொடுப்பவர் குடியிருக்கிற ஊரிலோ வேலை பார்க்கிற ஊரிலோ இருக்கிற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம். 34ஆவது பிரிவில் இது இருக்கிறது. கடலூரில் குடியிருக்கிற நான் கடலூரிலேயே போடலாம், வாய்தாவுக்குப் பஸ் ஏறி வரவேண்டியது பாண்டிக் கடைக்காரர்தான். இது மத்திய சட்டம் என்பதால் தமிழ்நாடு, யூனியன் பிரதேசம் என்ற வித்தியாசமும் கிடையாது.

ஸ்டாம்புக்கும் அதே சட்டத்தில் பதில் உண்டு. பழுதான பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைக் கொடுக்கவும் மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2(47)ஆவது பிரிவு சொல்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள் கொடுக்க வேண்டும், போடாவிட்டால் 30 நாளுக்குள். 'எடுக்க மாட்டோம்' என்று குத்துவது கெடு ஆகாது. தள்ளுபடியில் விற்றதற்கு அந்தப் பிரிவில் விலக்கு எதுவும் இல்லை. விலையைத்தானே குறைத்தார்கள், மிக்சி அரைக்காது என்று சொல்லி விற்கவில்லையே!

சர்வீஸ் சென்டருக்கும் போனேன், ரிப்பேருக்கு அல்ல. என்ன பழுது என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். அந்தத் தாள்தான் பின்னால் பேசியது. பில், ஜாப் ஷீட் இரண்டின் நகலோடு கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போட்டேன். பணம் வராவிட்டால் கடலூர் ஆணையத்தில் 34ஆவது பிரிவின்படி மனு போடுவேன் என்று கடைசி வரியில் எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து தமிழிலேயே புகாரும் பதிந்தேன்.

அடுத்து வந்த போன் அதே மேனேஜரிடமிருந்து. "கிரெடிட் நோட் தர்றோம்மா, 2,900க்கு வேற ஏதாவது எடுத்துக்குங்க." அண்ணி பக்கத்தில் இருந்து தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. சட்டத்தில் இருப்பது பணத்தைத் திருப்பித் தருவது, அவர்கள் கடையிலேயே மறுபடி செலவு செய்வது அல்ல. வேண்டாம் என்றேன். பணம் அக்கவுன்ட்டுக்கு வந்தது.

நெல்லிக்குப்பம்:

எங்களுக்கு ஃப்ரிட்ஜில் இதே கதை, கொஞ்சம் சிக்கலோடு. ஷோரூமில் வைத்திருந்த டிஸ்பிளே பீஸ். கதவில் கீறல் என்று சொல்லித்தான் விலை குறைத்துக் கொடுத்தார்கள். வந்த வாரத்திலேயே கூலிங் நின்றுவிட்டது. "டேமேஜ் பீஸ்னு தெரிஞ்சுதானே சார் எடுத்தீங்க" என்றார்கள். நல்லவேளையாக எங்க அப்பா வாங்கும்போதே, என்ன டேமேஜ் என்று பில்லில் எழுதச் சொல்லியிருந்தார். 'கதவில் கீறல்' என்றுதான் இருந்தது. கீறலைக் காட்டி நாங்கள் எதுவும் கேட்க முடியாது, கண்ணால் பார்த்து ஒத்துக்கொண்டு வாங்கியது. கூலிங் தருகிற கம்ப்ரஸரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அந்த ஒரு வரியைக் காட்டியதும் வேறு ஃப்ரிட்ஜ் கொடுத்தார்கள். தள்ளுபடி என்றால் என்ன குறைக்காகத் தள்ளுபடி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. தீபாவளி சேலில் எடுத்த ஹெட்ஃபோனில் ஒரு பக்கம் கேட்கவே இல்லை. 'இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்று ஆப் காட்டியது. 2020 மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. குறைதீர் அதிகாரி என்று ஒருவர் பெயரை ஆப்பிலோ இணையதளத்திலோ போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்தில் அவர் சொல்ல வேண்டும், ஒரு மாசத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை சாட்டில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அவருக்கே நேராக மெயில் போட்டேன். பணம் வந்தது.

ஆனால் கலர் பிடிக்கவில்லை, சைஸ் சரியில்லை என்பதெல்லாம் பழுது ஆகாது. அதை மாற்றிக் கொடுப்பது கடையின் விருப்பம். நம் பக்கம் நியாயம் இருக்கிற இடத்தில் மட்டும் அழுத்திக் கேட்போம்.

பண்ருட்டி:

அக்கா, கடை கடைசிவரை மசியலைன்னா? வக்கீல் வைக்கணுமா? 2,900 ரூபாய்க்கு அதைவிடச் செலவு ஆயிடுமே. இன்னொன்று, எங்களுக்குப் பில்லே தரவில்லை, வெறும் துண்டுச் சீட்டுதான்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்:

வக்கீல் கட்டாயம் இல்லை தம்பி, நீங்களே மனு எழுதி நீங்களே பேசலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. நேரில் போக முடியாவிட்டால், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதியலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷம் வரை அவகாசம் உண்டு, ஆனாலும் ஆறப் போடாதீர்கள். பழுதை நீக்கித் தரவோ, புதுசு கொடுக்கவோ, வட்டியோடு பணத்தைத் திருப்பவோ ஆணையம் உத்தரவு போடலாம். அலைக்கழித்ததற்கு நஷ்ட ஈடும் கேட்கலாம். 1915இல் இருப்பவர்கள் கடையிடம் பேசிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். உத்தரவு போடும் அதிகாரம் ஆணையத்துக்குத்தான்.

பில் தராததே அந்த 2(47)ஆவது பிரிவில் தனிக் குற்றச்சாட்டாக இருக்கிறது, அதையும் மனுவில் சேருங்கள். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸப் செய்தி, எதையும் தூக்கிப் போடாதீர்கள். பில் தந்திருந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள், அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிப்போகிறது. துண்டுச் சீட்டில் கடை பெயரும் தேதியும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். கடைக்குப் போடுகிற கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.