அருணாசலப் பிரதேசம் ஜிரோ போய் வந்தவர்கள் யாராவது உண்டா?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேண்டும். நான் மண்டபம். அப்பா விசைப்படகில் டிரைவர். ஜிரோவில் அபதானி என்ற பழங்குடி மக்கள் நெல் வயலுக்குள்ளேயே மீன் வளர்க்கிறார்கள் என்று அவருக்கு ஒரு வீடியோவில் காட்டினேன். வரப்போரத் தண்ணீரில் கெண்டை துள்ளுவதைப் பார்த்ததிலிருந்து மனுஷன் விடவில்லை. "வலையே இல்லாம மீன் புடிக்கிறாய்ங்களா, அதைப் பாக்கணும்டா" என்கிறார்.

சிக்கல் தேதிதான். எங்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்பாவுக்கு ஓய்வு அப்போதுதான். அபதானி மக்களின் ட்ரீ என்ற பயிர்த் திருவிழாவோ ஜூலை 5. படகை விட்டு அந்த நேரத்தில் வரமாட்டார். அப்படியானால் ஜூன் முதல் வாரத்தில் போனால் வயலில் மீனைப் பார்க்க முடியுமா? மழையில் மலைச்சாலை எப்படி இருக்கும்?

குவாஹாத்தியிலிருந்து நாகர்லகுன் வரை ரயில், அப்புறம் ஷேர் சுமோ (ஆள் கணக்கில் ஏற்றும் ஜீப்) என்று வைத்திருக்கிறேன். உள்நுழைவு அனுமதிக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துக்கொள்வேன், அது சரி. ஹாங், ஹரி கிராமங்கள் பக்கம் வீட்டோடு தங்க இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்னொன்று. முகத்தில் பச்சை குத்தி, மூக்கில் கட்டை வைத்த அபதானிப் பாட்டிகளைக் கண்டதும் போனை நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே எப்படிக் கேட்பது முறை?

அம்மா இப்போதே நெத்திலிக் கருவாடு கட்டி வைத்துவிட்டார். தங்கும் வீட்டுக்குக் கொடுக்கவாம். ரயிலில் நாறாமல் கொண்டுபோக வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.